சக்தியின் வரவு செலவுக் கணக்கு

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் பள்ளி உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று மாலை என்னைப் பேச அழைத்த காரியதரிசி அவர்கள், சக்தி என்பது யாது, அஃது எவ்வாறு உருமாறுகிறது என்பதை யாவருக்கும் விளங்குமாறு சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பாடம் குடியானவர்களாகிய நமக்கு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அவர் கேட்டதற்குத் தக்க காரணம் உண்டு. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று முழுவதும் இந்தப் பாடத்தின் மேலேயே நிற்கிறது.

எண்ணெய் வேண்டாம், மின்சாரக் கம்பி வேண்டாம், வெயிலும் காற்றும் வேண்டாம். ஒரு தரம் கையால் சுழற்றி விட்டால் தானே ஓடிக் கிணற்று நீரை இறைக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறதென்றும், சங்கத்தின் சேமநிதியிலிருந்து முன்பணம் கொடுத்தால் அதைத் தருவதாகவும் ஒருவர் வந்து சொல்லிப் போயிருக்கிறார். அதில் மோட்டார் ஒன்று டைனமோவைச் சுழற்றுமாம். டைனமோ உண்டாக்கும் மின்சாரம் அந்த மோட்டாருக்கே திரும்பி வருமாம். மிஞ்சிய மின்சாரம் பம்பை ஓட்டுமாம். சந்தைத் திடலில் அது கால்மணி நேரம் ஓடியதை உங்களிற் பலர் கண்ணாரக் கண்டும் இருக்கிறீர்கள்.

அந்த மனிதரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் பிறரை ஏமாற்றுகிறாரோ, தாமே ஏமாந்திருக்கிறாரோ, நான் அறியேன். இயற்கையின் கணக்கைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். அதைக் கேட்டபின் நீங்களே தீர்மானம் செய்துகொள்ளலாம்.

சக்தி என்பது யாது?

வேலை செய்யும் திறமைக்குச் சக்தி என்று பெயர். வேலை என்று விஞ்ஞானிகள் சொல்லுவது, ஒரு பொருளை அதன் எதிர்ப்பை மீறி நகர்த்துவதாகும். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதே இதற்கு நல்ல உதாரணம். கவலை, கமலை என்று பல பெயர்களால் நாம் அழைக்கும் இறைப்பில், மாடுகள் சரிவில் இறங்க, வடம் உருளையின்மேல் ஓட, சால் மேலே வருகிறது. சாலில் 100 லிட்டர் நீர் இருப்பதாகவும், கிணற்றின் நீர்மட்டம் 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி, ஆழத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் நீரின் எடை 100 கிலோகிராம். அதை 10 மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு வேலை செய்தாக வேண்டுமோ, அவ்வளவு வேலையை யாராவது ஒருவர் அல்லது ஏதாவது ஒன்று செய்தே தீர வேண்டும். மாடு செய்யினும், மனிதன் செய்யினும், யந்திரம் செய்யினும் அந்த அளவு மாறாது.

அளவு என்று சொன்னேன். துணியை முழத்தாலும் நெல்லைப் படியாலும் அளப்பதுபோலச் சக்தியை ஜூல் என்னும் அளவால் அளக்கிறார்கள். சுமார் 102 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு ஜூல். இந்தக் கணக்கின்படி மேற்சொன்ன ஒரு சால் நீரை மேலே கொணர 9,800 ஜூல் வேண்டும். மின்சாரக் கணக்கில் நாம் யூனிட்டு என்று சொல்லுவது 36,00,000 ஜூல். எனவே, சிறிதும் நஷ்டமில்லாத யந்திரம் ஒன்று இருக்குமாயின், ஒரு யூனிட்டுச் செலவில் 367 சால் நீரை நம் கிணற்றிலிருந்து தூக்கலாம். அதற்கு மேல் ஒரு சால்கூட எவராலும் தூக்க முடியாது. ஏற்றம் மிதிக்கும் ஆள் ஒருவன் நாள் முழுவதும் உழைத்துச் செய்யும் வேலை ஏறத்தாழ அரை யூனிட்டு என்பதை நினைத்தால், ஒரு யூனிட்டு மின்சாரம் இரண்டு பேருடைய ஒரு நாள் வியர்வைக்குச் சமம் என்பது விளங்கும்.

மாட்டின் பலம் எங்கிருந்து வந்தது?

சால் மேலே வந்ததற்குக் காரணம் மாடு. மாட்டுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? வைக்கோலிலிருந்தும், பருத்திக்கொட்டையிலிருந்தும், பிண்ணாக்கிலிருந்தும் வந்தது. இரண்டு நாள் தீனி போடாமல் வடத்தில் பூட்டிப் பார்த்தால் இந்த உண்மை பிரத்தியட்சமாகும். வைக்கோலுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? சூரியனிடமிருந்து வந்தது. பயிரின் பச்சை இலை வெயிலை வாங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து, மாவுப்பொருளாகவும் நாராகவும் சமைத்து வைக்கிறது. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1,000 வாட்டு அளவு வெயில் விழுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே பயிர் சேமித்துக் கொடுக்கிறது. அச்சிறு பங்கைக் கொண்டுதான் மனிதரும் மாடுகளும் உயிர் வாழ்கிறோம்.

ஆக, வெயிலாய் இருந்தது வைக்கோலில் ரசாயன சக்தியாய் மாறி, மாட்டின் தசையில் அசைவாய் மாறி, வாய்க்கால் மட்டத்துக்கு ஏறிய நீரில் உயரமாய் நிற்கிறது. உயரத்தில் நிற்கும் நீரிலுள்ள சக்தி கண்ணுக்குத் தெரியாது. அதை நிலைச் சக்தி என்பார்கள். நீர் கீழே விழும்போது அது சலன சக்தியாகிறது.

இதற்குப் பெரிய அளவில் உதாரணம் வேண்டுமானால் நீலகிரியில் பைகாரா ஆற்றைப் பாருங்கள். அங்கே 1932-ஆம் வருஷத்தில் நீர்மின்சார நிலையம் ஓடத் தொடங்கிற்று. மலைமேலுள்ள நீர் குழாய்களின் வழியாக ஏறத்தாழ 3,000 அடி கீழே இறங்கி, சக்கரங்களைச் சுழற்றி, மின்சாரமாக மாறிக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் சென்றது. ஆயிரம் லிட்டர் நீர் அவ்வளவு தூரம் இறங்கும்போது கொடுக்கக்கூடிய சக்தி ஏறத்தாழ இரண்டரை யூனிட்டு. அந்த நீரை மலையுச்சிக்குத் தூக்கியவர் யார்? கடல் நீரை ஆவியாக்கி மேகமாக ஏற்றிய சூரியனே. ஆகவே பைகாரா மின்சாரத்தால் ஓடிய மோட்டாரும் வைக்கோல் தின்ற மாடும் ஒரே முதலாளியிடம் கூலி வாங்கியவை என்று சொல்லலாம்.

கணக்கைக் கண்டறிந்தவர்கள்

சக்தி உருமாறுகிறது என்பது சரி. உருமாறும்போது அதன் அளவு கூடுகிறதா, குறைகிறதா? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்க்கு வெகுகாலம் பிடித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்போர்டு என்னும் பிரபு, ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் பீரங்கிகளைத் துளைக்கும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். மழுங்கிய துளைக்கருவி ஒன்றைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, பீரங்கி உலோகத்தைச் சுற்றி நீர் நிரப்பிப் பார்த்தபோது, நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர் கொதித்தது. உஷ்ணம் ஒரு பொருளன்று. உராய்வில் செலவான வேலையே உஷ்ணமாக வந்தது என்று அவர் முடிவு செய்தார். வண்டி அச்சுக்கு மசகு போடாமல் ஓட்டிக் குடத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

1840-இல் மேயர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கப்பல் வைத்தியராக ஜாவாத் தீவுக்குச் சென்றார். அங்கே மாலுமிகளுக்கு இரத்தம் எடுத்தபோது, குளிர் தேசத்தில் கறுத்திருக்கும் இரத்தம் அங்கே நல்ல சிவப்பாக இருக்கக் கண்டார். உஷ்ண தேசத்தில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த அளவே ஆகாரத்தை எரித்தால் போதும் என்று அவர் ஊகித்தார். அதிலிருந்து, ஆகாரம், உஷ்ணம், உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1842-இல் அதை எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்து வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல் என்பவர், மதுபானம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர், இக்கணக்கை அளந்தே காட்டினார். ஒரு பாத்திரத்தில் நீர் வைத்து, அதனுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்து, கயிற்றில் கட்டிய எடைகள் கீழே இறங்கும்போது அச்சக்கரம் நீரைக் கலக்கும்படி செய்தார். எடை இறங்க இறங்க நீர் சிறிது சிறிதாகச் சூடேறிற்று. பல வருஷங்கள் திரும்பத் திரும்ப அளந்து, இத்தனை அடி எடை இறங்கினால் இவ்வளவு சூடு என்று வரையறுத்தார். இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோகிராம் நீர் 427 மீட்டர் கீழே விழுந்தால் அதன் சூடு ஒரு டிகிரி உயரும். பைகாரா நீர் யந்திரம் எதையும் சுழற்றாமல் வீணே அவ்வளவு தூரம் விழுமாயின், அடிவாரத்தில் ஏறத்தாழ இரண்டு டிகிரி சூடேறியிருக்கும். மின்சாரம் ஒன்றும் கிடைத்திராது. சக்தியை அளக்கும் அளவுக்கு ஜூல் என்று பெயர் வந்தது இவர் நினைவாகவே.

இவர்களும் 1847-இல் இதைத் தெளிவாக எழுதிய ஹெல்மோல்ட்ஸ் முதலியோரும் நிலைநாட்டிய விதி இதுதான்: சக்தியைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, உருவத்தை மட்டும் மாற்றலாம். அணுவிலிருந்து வரும் சக்திக்கும் விலக்கில்லை. அங்கே பொருளின் எடையில் ஒரு சிறு பகுதி குறைகிறது. அந்தக் குறைவுக்குச் சரியான அளவே சக்தி வெளிப்படுகிறது. அக்கணக்கை ஐன்ஸ்டீன் 1905-இல் எழுதினார். சூரியனே விநாடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் எடையை இழந்துதான் நமக்கு வெயில் தருகிறது.

அழியாத சக்தி ஏன் போதவில்லை?

இங்கே புத்திசாலியான அங்கத்தினர் ஒருவர் கேட்கலாம்: "சக்தி அழியாது என்கிறீர், அப்படியானால் ஒரு முறை எரித்த எண்ணெயின் சக்தியைத் திரும்பப் பிடித்து மறுபடியும் உபயோகித்தால் என்ன?" இது நல்ல கேள்வி. விடையும் நம் சங்கத்துக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் காசுகளாக மாற்றிக்கொண்டு, சந்தைக்குப் போகும் வழியெல்லாம் புழுதியில் ஒவ்வொரு காசாகச் சிந்திக்கொண்டே போனால், அந்த நூறு ரூபாய் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் அதைக் கொண்டு ஒரு மூட்டை உரம் வாங்க முடியுமா? சக்தியும் அவ்வாறே. எண்ணெயில் அது நோட்டாக இருக்கிறது. எஞ்சினில் எரிந்து, புகையில் கலந்து, குளிர்ச்சி நீரில் இறங்கி, உருளையில் உராய்ந்து, காற்றோடு காற்றாகச் சிறு வெப்பமாகப் பரவும்போது அது சிந்திய காசாகிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானே போகும். தானே திரும்பி வராது. ஆதலால் ஒவ்வொரு உருமாற்றத்திலும் ஒரு பங்கு கழிவாகப் போய்விடுகிறது. உலகத்தின் மொத்தக் கணக்கில் நஷ்டமில்லை. நம்முடைய கணக்கில் நஷ்டம் உண்டு.

அந்த நஷ்டம் எவ்வளவு என்று ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எண்ணெயில் ஏறத்தாழ 10 யூனிட்டு சக்தி இருக்கிறது. சிறிய எஞ்சினில் அதை எரித்தால் சுழலும் அச்சில் கிடைப்பது 3 யூனிட்டுக்கு மேற்படுவது அரிது. மற்றது புகையாகவும் சூடாகவும் போகிறது. பம்பு அதில் நூற்றுக்கு 60 பங்கை நீரில் ஏற்றினால் அது நல்ல பம்பு, ஆகவே 1.8 யூனிட்டு. குழாயும் வளைவுகளும் அடிவால்வும் தம் பங்கை எடுத்துக்கொண்டபின், வாய்க்காலில் வந்து விழும் நீரில் மிஞ்சுவது சுமார் ஒன்றரை யூனிட்டு. பத்து வரவு, ஒன்றரை பயன், எட்டரை கழிவு. எல்லாம் ஒழுங்காக இருக்கும் யந்திரத்தின் கணக்கே இவ்வளவுதான்.

தானே ஓடும் யந்திரம்

இப்பொழுது சந்தைத் திடலில் கண்ட யந்திரத்துக்கு வருவோம். அதன் மோட்டாருக்கு 100 பங்கு மின்சாரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல மோட்டார் அதில் 85 பங்கை அச்சில் கொடுக்கும். மீதி 15 பங்கு கம்பிச் சுருளிலும் உருளையிலும் சூடாகப் போகும். மோட்டாரைத் தொட்டால் சுடுகிறதே, அந்தச் சூடுதான் அது. அந்த 85-ஐ வாங்கும் டைனமோவும் நூற்றுக்கு 85 வீதம் கொடுத்தால் திரும்பி வருவது 72. மறு சுற்றில் 52. மூன்றாம் சுற்றில் 38. இவ்வாறு கண நேரத்தில் எல்லாம் கரைந்துபோகும். மிச்சத்தைக் கொண்டு பம்பை ஓட்டுவது எங்கே? தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளவே அதற்குப் போதாது. உராய்வே இல்லாத அதிசய யந்திரம் ஒன்றைச் செய்தாலும் 100 கொடுத்தால் 100 திரும்பும். ஒரு சால் நீர் எடுத்த மாத்திரத்தில் அதுவும் குறைந்து நின்றுவிடும்.

"டைனமோ சும்மா சுழன்றால் மின்சாரம் கொடுக்கிறதே" என்று சிலர் நினைக்கிறார்கள். சைக்கிளில் சக்கரத்தோடு உராயும் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்கள் இதற்குச் சாட்சி. விளக்கைப் போட்டவுடன் மிதி கனக்கும், அணைத்தால் இலேசாகும். மின்சாரம் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு டைனமோ கையை எதிர்த்துத் தள்ளுகிறது. "காந்தத்தின் பலம் ஓயாததல்லவா" என்றும் கேட்பார்கள். காந்தம் இழுப்பது பூமி இழுப்பதைப் போன்றதே. சரிவில் இறங்கும் மாட்டுக்குப் பூமியின் இழுப்பு உதவுகிறது. ஆனால் மறு சாலுக்கு அந்த மாடு சரிவில் ஏறித்தானே ஆக வேண்டும்? இறங்கும்போது கிடைத்ததை ஏறும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். காந்தத்தை ஒட்டவிடும்போது கிடைப்பதைப் பிரிக்கும்போது அவ்வாறே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கால்மணி நேரம் ஓடியது எப்படி என்பீர்கள். அந்த யந்திரத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. கனமான சக்கரம் ஒன்றைச் சுழற்றி விட்டால் அது சிறிது நேரம் சுழலும். பெட்டிக்குள் பாட்டரி இருந்தால் இன்னும் அதிக நேரம் ஓடும். கடிகாரமும் சாவி கொடுத்தால் நாள் முழுவதும் ஓடுகிறது. ஓடுவதைக் கண்டது சரியே; வரவு எங்கிருந்து வந்தது என்பதை நாம் காணவில்லை.

இது பழைய வியாபாரம். பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபையார், தானே ஓடும் யந்திரம் என்று சொல்லி வருவன எவற்றையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775-ஆம் வருஷத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். 1813-இல் அமெரிக்காவில் ரெட்ஹெப்பர் என்பவர் அத்தகைய யந்திரம் ஒன்றைக் காட்டிக் காசு வசூலித்து வந்தார். நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற ராபர்ட் புல்டன் அதைப் பார்க்கப் போய், அதன் ஓசை சீராக இல்லாமல் ஏறி இறங்குவதைக் கவனித்து, பக்கத்துப் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தார். மறைவாக ஒரு கயிறு மேல்மாடிக்குச் சென்றது. அங்கே கிழவர் ஒருவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அதே நாட்டில் 1870-களில் கீலி என்பவர் புதிய சக்தியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கம்பெனி சேர்த்துப் பங்குகள் விற்றார். பங்குதாரர்கள் பல வருஷம் காத்திருந்தார்கள். 1898-இல் அவர் இறந்தபின் வீட்டைச் சோதித்தபோது, நிலவறையில் அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் பெரிய இரும்பு உருண்டை ஒன்று இருந்தது. பங்குகளுக்குப் போட்ட பணம் போனது போனதே.

நாம் செய்யத் தக்கவை

இல்லாத சக்தியைத் தேடுவதை விட்டு, இருக்கும் சக்தியின் கழிவைக் குறைப்பதே சங்கத்துக்குத் தகுந்த காரியம். சில வழிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பம்பின் வெளிக்குழாய் வாய்க்கால் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நீரைக் கொட்டுகிறது என்று பாருங்கள். 10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் நீரை ஒரு மீட்டர் அதிகமாகத் தூக்கிக் கீழே கொட்டினால், பத்தில் ஒரு பங்கு சக்தியை வேண்டுமென்றே கொட்டிவிடுகிறோம். இரண்டாவது, குறுகிய குழாய் வாங்கும்போது மலிவு. ஓடும்போது அதிகச் செலவு. குழாயின் குறுக்களவை இரட்டித்தால், அதே அளவு நீர் ஓடுவதற்கு ஏற்படும் உராய்வு நஷ்டம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறையும். வேண்டாத வளைவுகளையும் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, அடிவால்வில் குப்பை அடைக்காமலும், பட்டை வழுக்காமலும், உருளைகளுக்கு மசகு குறையாமலும் வாரம் ஒரு முறை பார்ப்பது நலம். சூடு எங்கே தட்டுகிறதோ அங்கே பணம் போகிறது என்று அறியவும்.

நான்காவது, சாணம். அதை வறட்டியாகத் தட்டிச் சாதாரண அடுப்பில் எரித்தால், அதன் சூட்டில் பெரும்பங்கு சட்டிக்கு வெளியே போகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் புகையோடு போய்விடுகிறது. அதே சாணத்தை மூடிய தொட்டியில் கரைத்துப் புளிக்க விட்டால், எரிவாயு தனியாகவும் எரு தனியாகவும் கிடைக்கும். ஒரே வரவில் இரண்டு பயன்.

ஐந்தாவது, வெயிலையே மின்சாரமாக மாற்றும் பலகைகள் இப்பொழுது கிடைக்கின்றன. ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிக்கருகே 2016-ஆம் வருஷத்தில் 648 மெகாவாட்டு அளவுள்ள நிலையமே அமைந்தது. அப்பலகை தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஒரு சதுர மீட்டருக்கு நண்பகலில் 1,000 வாட்டு விழுந்தால் 200 வாட்டு கிடைக்கும். 20 சதுர மீட்டருக்கு 4,000 வாட்டு, அதாவது ஐந்து குதிரைச் சக்திக்குச் சற்று மேல். மேகம் வந்தால் குறையும், இரவில் நின்றுவிடும். இதற்கும் எண்ணெய் வேண்டாம், தீனி வேண்டாம். ஆயினும் இது ஏமாற்றன்று. ஏனெனில் இதன் வரவு கண்ணுக்குத் தெரிகிறது. மூடினால் நிற்கிறது.

மகாசபைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த யந்திரத்தை எவர் விற்க வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: இதன் சக்தி வரவு எங்கிருந்து? எண்ணெயா, மின்சாரமா, வெயிலா, காற்றா, மாடா, மனிதனா? ஒன்றும் இல்லை என்றால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். இரண்டு: வரவு எத்தனை யூனிட்டு, அதற்கு எத்தனை லிட்டர் நீர், எத்தனை மீட்டர் உயரம்? ஒரு யூனிட்டுக்கு நம் கிணற்றில் 367 சாலுக்கு மேல் சொன்னால் கணக்குப் பொய். மூன்று: பெட்டியைத் திறந்து, மேடையிலன்றி நம் கிணற்றுமேட்டில், நம் ஆட்கள் காவலிருக்க, மூன்று இரவு மூன்று பகல் இறைத்துக் காட்டி, அதன்பின் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா?

முடிவாக ஒரு வார்த்தை. பல வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் நான் வேலை பார்த்தபோது, இது போன்ற யந்திரத்துக்கு ஒரு சங்கத்தார் முன்பணம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். விதியை அறிந்தவன், பெரியவர்கள் முன்னிலையில் மறுத்துப் பேசுவது மரியாதையன்று என்று வாளாவிருந்தேன். யந்திரம் வந்து இறங்கிய மூன்றாம் நாள் நின்றது. கொண்டுவந்தவர் திரும்பவே இல்லை. பால் விற்றுச் சேர்த்த பணத்தில் பங்கு எடுத்திருந்த மூதாட்டி ஒருத்தி பின்னொரு நாள் என்னிடம், "ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அன்று சொல்லாததை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சேமநிதி என்பதும் ஒருவகைச் சக்தியே. எத்தனையோ பேருடைய உழைப்பு பணமாக உருமாறி அதில் நிற்கிறது. அதை வேலையாக மாற்றுவதும், புழுதியில் சிந்துவதும் உங்கள் கையில் இருக்கிறது.